யார் சார்பாக யார்

எங்கள் தாளாளருக்கு மெயில் அனுப்பத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர் பெயரில் தினமும் மெயில் போகிறது, நல்ல இங்கிலீஷில் போகிறது, கமாவும் புள்ளியும் இடம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. அத்தனையும் நான் அடித்தவை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டில், ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் நர்சிங் கல்லூரி இருக்கிறது. அவர் அதன் தாளாளர், அதாவது முதலாளி. நான் அவர் அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவள். சேர்ந்தபோது டைப்பிஸ்ட் என்றார்கள், பிறகு பி.ஏ. என்றார்கள். அவர் மட்டும் இன்றுவரை ‘அந்தப் பிள்ளை’ என்பார். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

காகிதத்தில் கடிதம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இதில் ஒரு குழப்பமும் இல்லை. அவர் வெளியூரில் இருக்கும்போது அவசரக் கடிதம் என்றால் போனில் சொல்வார். “ஃபார் போட்டு அனுப்பிரு.” ‘தாளாளர்’ என்று அச்சடித்திருக்கும் இடத்துக்கு முன்னால் பேனாவால் ‘ஃபார்’ என்று எழுதி, மேலே என் கையெழுத்தைப் போடுவேன். எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் ஃபார் போடாத கிளார்க் கிடையாது. போட்டுப் போட்டுப் பழகி, சொந்த பேங்க் செலானில்கூட ஃபார் போட்டுவிட்டு அடித்துத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதில் ஒரு யோக்கியம் இருந்தது. பேச்சு யாருடையது, கை யாருடையது என்று கடிதத்தைப் பிரிக்கிறவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மெயில் வந்ததும் அந்த யோக்கியம் போயிற்று. பாஸ்வேர்டை என்னிடம் தர மாட்டேன் என்றார் தாளாளர். ஆனால் மெயில் நான்தான் அனுப்ப வேண்டும், அது அவர் பெயரில்தான் போக வேண்டும். கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி செய்தார். என் கணக்கிலிருந்தே அவர் சார்பாக நான் அனுப்பலாம், அப்படி ஓர் அனுமதி இருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் போதும் என்றார். திறந்தும்விட்டார். வாங்குகிறவரின் கம்ப்யூட்டரில் முதலில் என் பெயர் வரும், அடுத்து ‘ஆன் பிஹாஃப் ஆஃப்’ என்று வரும், கடைசியில் தாளாளர் பெயர் வரும். அதே மெயிலை செல்போனில் திறந்தால் என் பெயரைக் காணோம். தாளாளர் மட்டும் தனியாக நிற்பார். ஏன் இப்படி என்று கேட்டேன். “அது அப்படித்தான்க்கா, ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி காட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உலகத்து மூளைக்காரர்கள் எல்லாம் கூடிச் செய்த சாமான், ஒரு கிளார்க்கின் பேனா சொன்ன உண்மையைச் சொல்ல அதற்குத் துப்பில்லை.

மெயில் அனுப்பத் தெரியாதவருக்கு இந்த ஓட்டை மட்டும் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற பழைய மாணவி யாராவது உருகி உருகிப் பதில் போட்டால், செல்போனை எடுத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டுவார். “நான் எழுதுனதுக்கு எப்படிப் பதில் போட்டிருக்கு பாருங்க.” விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு எங்களிடமிருந்து போன பதிலோடு ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தபோது, அவரை என் கம்ப்யூட்டருக்கு முன்னால் கூட்டி வந்து நிறுத்தினார். “இந்தா பாருங்க, முதப் பேரு யாரு பேரு? அந்தப் பிள்ளை அதுபாட்டுக்கு எதையோ அனுப்பிருக்கு.” அந்தப் பதிலை வார்த்தை வார்த்தையாக அவர் சொல்லச் சொல்ல அடித்தது நான்தான். நல்லதென்றால் செல்போன், கெட்டதென்றால் கம்ப்யூட்டர். இப்படி ஒரு வசதி வேறு எந்த முதலாளிக்கும் கிடைத்திருக்காது.

மெயிலோடு போகட்டும் என்று விட்டிருந்தால்கூடச் சரி. துட்டி வீட்டுக்கும் நான்தான் அவருக்காகப் போவேன். எங்கள் பக்கத்தில் சாவுக்குப் போக முடியாதவர் ஆள் அனுப்புவது வழக்கம்தான். “அண்ணனுக்கு வரத் தோது இல்லை, என்னப் போயிட்டு வரச் சொன்னாக” என்று சொல்லி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வர வேண்டும். அதிலாவது போனவருக்கு ஒரு மதிப்பு உண்டு, ஒரு வாய் தண்ணீராவது கொடுப்பார்கள். தேவிபட்டினத்துப் பக்கம் ஒரு பெரிய மனிதர் இறந்தபோது, தாளாளர் பெயரை அட்டையில் எழுதித் தொங்கவிட்ட ரோஜா மாலையோடு என்னை பஸ்ஸில் அனுப்பினார். அந்த மாலைக்குக் கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். போய்ச் சாத்திவிட்டு நிமிர்ந்தால், போட்டோக்காரர் “கொஞ்சம் தள்ளிக்கங்க, பேரு மறைக்கிது” என்றார்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிற, என்னைப் பெற்ற அய்யாவிடம் ஒருமுறை கல்லூரி ஆண்டு மலரைக் காட்டினேன். தாளாளர் வாழ்த்துரை என்று முதல் பக்கத்தில் இருந்தது நான் எழுதியது. அய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீ எழுதுனதுங்குற, படம் அவரு படமாவுல்ல இருக்கு?” என்றார். நான் மலரை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி டீச்சர் ஒருத்தி விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அவள் திருப்பாலைக்குடிக்காரி. என் பஸ்ஸில் வழியில் ஏறுவாள். நர்சிங் படித்துவிட்டு எங்கள் கல்லூரியிலேயே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போகிற நாளும் கரையில் கிடக்கிற நாளுமாக அவருக்கு அங்கேயே பிழைப்பு. இவளும் பள்ளிக்கூடம் போகிற மகளும் திருப்பாலைக்குடியில் அம்மா வீட்டில். படகு போகாத நாளில் அவர் வந்தால் உண்டு, இல்லையென்றால் போனில்தான் குடும்பம். அந்தச் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்குவதற்கு வீடும் தருவதாகச் சொன்னார்கள். “மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாம்க்கா” என்று பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. இங்கே வேலை பார்த்தாள், விடுவிக்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தாளாளரிடமிருந்து அந்த ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு அந்த வாரத்துக்குள் மெயில் போக வேண்டும். போகவில்லை என்றால் அடுத்த ஆளை எடுத்துவிடுவார்கள்.

தாளாளர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் செண்ட் அடித்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “சரி சரி, போட்டு அனுப்பிரு” என்றார். ஓடிப் போய் அடித்தேன். பொறுப்பானவர், மாணவிகளிடம் பிரியமானவர், குடும்பத்தோடு சேர்ந்து வாழ அவருக்கு இந்த வேலை உதவும் என்று அறிகிறேன், மனப்பூர்வமாக விடுவிக்கிறேன். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. அவர் பெயரில் வருகிற வாக்கியங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். அனுப்பிவிட்டு டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். படகில் இருந்தார் போலிருக்கிறது, எடுக்கவில்லை. எடுக்காத போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போனாள்.

மறுநாள் காலையில் தாளாளர் வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. கல்யாண வீட்டில் அவருடைய மச்சினர் காதில் ஓதியிருக்கிறார். வருஷ நடுவில் ஒரு டீச்சரை விட்டால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் ஆள் குறைகிறது என்பார்கள். இவள் போனால் நாளைக்கு இன்னொருத்தி கிளம்புவாள். இதுதான் ஓதல். என்னை உள்ளே கூப்பிட்டார்.

“யாரைக் கேட்டு அனுப்புன?”

“நீங்கதான் சார் சொன்னீங்க. கார்ல ஏறும்போது.”

“நான் எப்பச் சொன்னேன்? கல்யாணத்துக்குப் போற அவசரத்துல இருக்கிறவன்ட்ட எதையாச்சும் கேட்டுட்டு, சொன்னேன்னு சொல்றதா?” சட்டைப் பையிலிருந்து போனை உருவினார். “இங்கனயே நில்லு. உன் முன்னாடியே பேசுறேன். நீயும் கேளு.”

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி மேஜைமேல் வைத்தார். என் மூக்கை உடைக்க வேண்டும், அதை நானே காது குளிரக் கேட்க வேண்டும். அதுதான் அவர் எண்ணம். என் மூக்கு போனால் போகிறது, பழகிய மூக்குதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீச்சர் மாணவிகளை வரிசையாக லேப்புக்கு அழைத்துக்கொண்டு போவது தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தையில் அவளுடைய வீடு போய்விடும். அது அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

எடுத்தவர் அந்த ஆஸ்பத்திரி நிர்வாகி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். குரலிலேயே அது இருந்தது.

“ஐயா, வணக்கம். நானே உங்களை அழைக்க வேண்டும் என்றிருந்தேன். உங்கள் மடல் கிடைத்தது.”

“அதப் பத்தித்தாங்க பேசணும். அது நான் அனுப்புனது இல்லை. எங்க ஆபீஸ்ல ஒரு பிள்ளை இருக்கு, அது என் சார்பான்னு சொல்லி அதுவா அனுப்பிருச்சு. கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்க, மேல முதல்ல அது பேருதான் இருக்கும்.”

“திறந்துதான் வைத்திருக்கிறேன் ஐயா. முதலில் அந்த அம்மா பெயர் இருக்கிறது. அடுத்து ‘சார்பாக’ என்று இருக்கிறது. அடுத்து உங்கள் பெயர் இருக்கிறது.”

“அதத்தான் சொல்றேன்.”

“நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்த அம்மா சார்பாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.”

தாளாளர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

“உடன் வேலை பார்க்கும் ஆசிரியைக்காக அலுவலகத்து அம்மா ஒருவர் பரிந்து பேச, அவர் பெயரை முன்னால் போட்டு, அவர் சார்பாக என்று வெளிப்படையாகச் சொல்லி ஒரு தாளாளரே எழுதுகிறார் என்றால், ஐயா, இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? எங்கள் அறங்காவலர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாருமே நெகிழ்ந்துபோனார்கள். எங்கள் ஆண்டு விழாவுக்கு நீங்கள்தான் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம். நீங்களோ அடக்கத்தோடு, நான் எழுதவில்லை என்கிறீர்கள்.”

தாளாளர் கை மேஜைமேல் இருந்த போனை நோக்கிப் போனது. ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டார். முகத்தில் இருந்த கடுகடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றார். “நம்மகிட்ட வேலை பாக்குறவுக நம்ம பிள்ளைக மாதிரி” என்றார். “ஆமாங்க, நான்தான். நான் பெருசா வெளிய காட்டிக்கிறது இல்லை” என்றார். அப்புறம் ஆண்டு விழா எந்தக் கிழமை, மேடையில் யார் யார், சால்வை உண்டா, பத்திரிகைக்காரர்கள் வருவார்களா என்று பேச்சு நீண்டது. நடுவில் என்னைப் பார்த்து, போ என்று விரலை ஆட்டினார்.

வெளியே வந்து என் மெயிலில் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாமே தமிழில்தான் இருக்க வேண்டும் என்று நிர்வாகி பிடிவாதமாக இருப்பாராம். மாற்றியதும் எனக்கும் அப்படியேதான் தெரிந்தது. முதலில் நான், நடுவில் ‘சார்பாக’, கடைசியில் தாளாளர். இங்கிலீஷில் அந்த வரிசை சரி. கை வைத்தவர் முன்னால், பேச்சுக்குச் சொந்தக்காரர் பின்னால். தமிழில் எழுதும்போது தாளாளர் சார்பாக நான் என்று புரட்டிப்போட வேண்டும். அதைத் தமிழுக்கு மாற்றிய மகானுபாவர் எந்த ஊர் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தாரோ, நடுவில் இருந்த இங்கிலீஷை உருவிவிட்டு ‘சார்பாக’ என்பதை அந்தப் பள்ளத்தில் சொருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால் போதும். தமிழ் தெரிந்த யாரிடமாவது காட்டியிருந்தால் போதும். இதற்குச் சம்பளம் வேறு வாங்கியிருப்பார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் அந்த மனிதருக்காக ஃபார் போட்டிருக்கிறேன், மாலை சுமந்திருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். தமிழில் மட்டும் அவர் எனக்கு ஃபார் போட்டிருக்கிறார். அதுவும் ஒரு தடவை இல்லை, தமிழில் திறந்து படித்த எல்லோருக்கும், ஆரம்பத்திலிருந்தே. கூட இருந்து பார்க்க ஆள் இல்லாமல் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. அவர் கம்ப்யூட்டரில் இந்த வரியைப் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் விஷயம் புரிந்துவிடும், ரோஷம் வந்துவிடும், டீச்சர் கதை கந்தலாகிவிடும். மொழியைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டேன்.

அவர் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. மத்தியானத்துக்குள் நடந்தது வேறு கதையாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஏழைப் பிள்ளைக்காகக் கைப்பட ஒரு மெயில் போட்டேன், அங்கே அறங்காவலர்கள் எல்லாம் ஆடிப்போய்விட்டார்கள், சீஃப் கெஸ்டாக வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். மச்சினர் வந்து, “என்ன மச்சான், விட மாட்டேன்னு சொன்னீக?” என்று கேட்டதற்கு, “உனக்கு மனுசத் தன்மையே கிடையாதுடா” என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. அந்த மச்சினரைப் பார்க்கக்கூடப் பாவமாக இருந்தது.

டீச்சர் கடைசி நாள் விடைபெற வந்தாள். பட்டுப்புடவை கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி ஸ்வீட்டோடு நேராக உள்ளே போனாள். அவர் எழுந்து நின்று பேசியதைப் பார்த்தேன். யாருக்கும் எழுந்து நிற்காதவர். தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, இந்தக் கையால் அடித்தேனம்மா என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்தக் கைக்குக் கம்ப்யூட்டரில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. டீச்சர் குனிந்து அவர் காலைத் தொட்டாள். மகளையும் தொடச் சொன்னாள். அந்தச் சின்னப் பிள்ளை குனிந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் என் மேஜைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“போயிட்டு வாரேன்க்கா.”

“போயிட்டு வா. வீடு எப்படி?”

“சின்ன வீடுதான். ஜன்னலத் திறந்தா அவுக படகு நிக்கிற எடம் தெரியுதாம். இவ இப்பமே அங்கனதான் படுப்பேங்குறா.” மகளின் தலையைத் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, நீங்க இவரப் பத்தி பஸ்ஸுல வாரப்ப என்னென்ன சொல்லுவீக. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். மனுசரு தங்கமானவரு. கோவத்துல அவரத் தப்பா நெனச்சுட்டீக போல” என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்தத் தங்கம் அன்றைக்குக் காலையில் உன்னைத் தண்ணீரில் தள்ள இருந்தது, யாரோ ஒரு முட்டாள் செய்த மொழிபெயர்ப்பும் ஒரு சால்வையும்தான் உன்னைக் கரை சேர்த்தன என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பவும் செய்வாள். ஆனால் அவளுடைய அனுபவச் சான்றிதழ் இன்னும் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. இவள் முகம் மாறினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டேன்.

“ஆமாத்தா, நல்லவருதான்” என்றேன்.

அவருக்காக நான் சொன்ன பொய்கள் கொஞ்சநஞ்சமில்லை. அவர் கேட்காமலே, நானே சொந்தமாக அவருக்காகச் சொன்ன பொய் இது ஒன்றுதான். அதுதான் இன்றுவரை வயிற்றெரிச்சலாக இருக்கிறது.